ஆள் எழுந்தால் ஜன்னலை மூடு

எங்கள் கடையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பது ஜெராக்ஸ் மெஷினைப் பற்றி இல்லை, பிரவுசரைப் பற்றித்தான். ஒருவருக்கு வேலை செய்து கொடுக்க உட்கார்ந்தால் அவருக்கென்று தனியாக ஒரு ஜன்னல் திற, அவருடைய வேலை முழுக்க அதற்குள்ளேயே நடக்கட்டும், ஆள் எழுந்து போனதும் அந்த ஜன்னலை மூடு, டேப்பை, அதாவது ஒரே ஜன்னலுக்குள் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே வரிசையாகத் தெரியும் துண்டை, மட்டும் மூடினால் போதாது. இவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டுவார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் ஒரே ஜன்னலில் பதினேழு டேப் வரிசையாக நிற்கும், எது யாருடையது என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பார்ப்பதற்கு டேப் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து அறை போல, இந்த அறையில் நடப்பது அந்த அறைக்குத் தெரியாதது போல. உண்மையில் அப்படி இல்லை. அது எனக்குப் புரிய பல வருடம் ஆனது, சில குடும்பங்களுக்கு நடந்த சங்கடம் ஆனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடை வேலூரில், காந்தி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. இந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தங்கும் லாட்ஜுகள், மருந்துக் கடைகள், வங்காளத்தில் போர்டு எழுதிய சாப்பாட்டுக் கடைகள், நடுவில் நாங்கள். வருகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று நம்மூர் ஆட்கள்: சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா சிட்டா, வில்லங்கம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம். இன்னொன்று கொல்கத்தா பக்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்கள்: மெயிலில் வந்த ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்க, காட்பாடியிலிருந்து ஹவுரா போக டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்க, ஊரிலிருக்கும் பிள்ளைக்கு ஒரு பேப்பரை ஸ்கேன் செய்து அனுப்ப. என்னை ‘தீதி’ என்று கூப்பிடுவார்கள், அக்கா என்று அர்த்தம். இந்த இரண்டு வகை ஆட்களின் வேலையும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே பிரவுசரில், சில சமயம் ஒரே நேரத்தில் நடக்கும். வீட்டில் ஒருவரே உட்கார்ந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் டேப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அதுதான் பிழைப்பு.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 2004இல், தோட்டப்பாளையத்தில் மாமா வைத்திருந்த பிரவுசிங் சென்டரில். ஆறு மேசை, ஒவ்வொன்றுக்கும் பிளைவுட் தடுப்பு. அப்போது எங்களிடம் இருந்த பிரவுசர் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6. அதில் டேப் கிடையாது. இன்னொரு பக்கம் வேண்டுமென்றால் இன்னொரு ஜன்னல். கீழே டாஸ்க்பாரில் பொத்தான்கள் சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் ஒவ்வொன்றும் சுருங்கிச் சுருங்கிப் பெயரே தெரியாமல் போகும், விண்டோஸ் எக்ஸ்பி இருந்த மெஷின்களில் எல்லாவற்றையும் ஒரே பொத்தானுக்குள் மடித்து வைத்துவிடும். ஏழெட்டு ஜன்னல் திறந்தால் 128 எம்பி நினைவகம் தாங்காது, எலிக்குறி மணல்கடிகையாக மாறி நின்றுவிடும்.

அந்த வருடக் கடைசியில் ஒரு கல்லூரி மாணவர் ஒரு சிடியைக் கொண்டுவந்தார். ‘அக்கா, இத போட்டுப் பாருங்க’ என்றார். ஃபயர்பாக்ஸ் 1.0 என்ற இன்னொரு பிரவுசர். நவம்பர் 9 வெளியாகியிருந்தது. டேப் என்பதை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். அதற்கு முன்பே அது உலகத்தில் இருந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1994இலேயே இன்டர்நெட்வொர்க்ஸ் என்ற ஒரு பிரவுசரில் டேப் இருந்திருக்கிறது, அப்புறம் நெட்கேப்டர், ஓபரா என்று வந்து, 2001இல் மொசில்லாவில் சேர்ந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஜனங்கள் பயன்படுத்திய எக்ஸ்புளோரருக்கு 2006 அக்டோபரில், ஏழாம் பதிப்பில்தான் வந்தது. எங்கள் சென்டரில் அந்த இரண்டு வருடமும் ஃபயர்பாக்ஸ் கேட்டு வருகிறவர்கள் தனி, அது என்னவென்றே தெரியாமல் நீல ‘இ’யை அழுத்துகிறவர்கள் தனி.

அந்தக் காலத்தில் டேப் எதற்குப் பயன்பட்டது என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிவதில்லை. காத்திருக்கத்தான். ஒரு பக்கம் வர ஒன்றரை நிமிடம் ஆகும் காலம் அது, மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த ஒன்றரை நிமிடமும் காசு. டேப் வந்ததும் என்ன ஆனது என்றால், தேடல் முடிவுகளில் வேண்டியதையெல்லாம் எலியின் நடுச் சக்கரத்தால் ஒரு அழுத்து அழுத்திவிட்டால் அவை பின்னால் தனித்தனி டேப்பில் வந்துகொண்டே இருக்கும், நாம் முன்னால் இருப்பதைப் படித்துக்கொண்டிருக்கலாம். சோறு ஒரு அடுப்பில் வேகும்போது இன்னொரு அடுப்பில் குழம்பைத் தாளிப்பது மாதிரி. பிளஸ் டூ ரிசல்ட் அன்று காலையில் வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள், எண்ணை அடித்தால் பக்கம் வராது, வந்தாலும் பாதியில் நிற்கும். நான் பத்து டேப்பில் பத்துப் பிள்ளைகளின் எண்ணை அடித்து வைத்துக்கொண்டு வரிசையாகப் புதுப்பித்துக்கொண்டே போவேன், எந்த டேப்பின் சின்ன வட்டம் சுற்றி நிற்கிறதோ அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. அந்தப் பக்கத்தில் லாகின் கிடையாது, எண் மட்டும்தான். அதனால் பத்து டேப்பும் பத்துப் பேருடையதாகவே இருந்தன. பிழை நடக்க இடமில்லை. அந்தப் பழக்கம்தான் பின்னால் என்னை ஏமாற்றியது என்று நினைக்கிறேன்.

2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. அதில் ஒரு நல்ல மாற்றம் செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு டேப்பில் ஏதாவது சிக்கிக்கொண்டால் பிரவுசரே மொத்தமாக விழும், பாதி நிரப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் போகும். குரோம் டேப்புகளைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டியது. ஒன்று செத்தால் மற்றது நிற்கும். ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று ஒரு பட்டியலே காட்டும், இப்போதும் காட்டும், மெஷின் முக்கினால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். இதையெல்லாம் படித்துத்தான் நான் ஒரு தப்பான முடிவுக்கு வந்தேன்: டேப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று. ஓட்டத்தில் அவை தனி என்பது நிஜம். அடையாளத்தில் தனி இல்லை. இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை.

2016 ஜூன் மாதம். ஒரு பெண் பிள்ளை, சத்துவாச்சாரியிலிருந்து, ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட அப்பாவோடு வந்திருந்தாள். கணக்கு உருவாக்கி, உள்ளே நுழைந்து, பெயர், மதிப்பெண் எல்லாம் போட்டு மூன்றாவது பக்கத்தில் நிற்கிறோம். சாதிச் சான்று வீட்டில் இருக்கிறது. அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த நேரத்தில் அணைக்கட்டு பக்கமிருந்து இன்னொரு பெண், அதே கல்லூரிக்கு. பேருந்து பிடித்துத் திரும்ப வேண்டும் என்று அவசரம். சரி என்று பக்கத்தில் ஒரு புது டேப் திறந்து, அதே தளத்தில் அவளுக்குக் கணக்கு உருவாக்கி நுழைந்தேன். பாதியில் அவளுக்கு ஓடிபி வர வேண்டும், ஃபோன் அண்ணனிடம் இருக்கிறது, அண்ணன் எடுக்கவில்லை. அதற்குள் முதல் பெண்ணின் அப்பா சான்றோடு வந்துவிட்டார். முதல் டேப்புக்குப் போனேன். திரையில் அவள் பெயர்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்து ஏற்றினேன், போட்டோ ஏற்றினேன், கையெழுத்து ஏற்றினேன், சமர்ப்பித்தேன். வேலை முடிந்தது என்று பச்சை எழுத்தில் வந்தது. அவர்களை அனுப்பிவிட்டு இரண்டாவது பெண்ணுடையதை முடித்தேன். எல்லாம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது என்று அது காட்டியபோது, அவசரத்தில், வலைத்தளம் சுணங்குகிறது போல என்று நினைத்துப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்விட்டேன். அங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அந்த இரண்டாவது பெண் வந்தாள். கையில் அவள் விண்ணப்பத்தின் பிரிண்ட். ‘இன்னாக்கா, பேரு என்னுது, போட்டோ வேற யாரோ கீது?’ என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டாள். போட்டோவில் இருந்தது சத்துவாச்சாரிப் பெண். அவளுடைய சாதிச் சான்று, அவளுடைய கையெழுத்து, எல்லாம் இவள் விண்ணப்பத்தில். அவளுக்கு ஃபோன் போட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தால் அவளுடைய விண்ணப்பம் மூன்றாவது பக்கத்திலேயே நிற்கிறது, சமர்ப்பிக்கவே படவில்லை. மறுநாள் கடைசித் தேதி. அன்று இரவே அவளை வரவழைத்து அவளுடையதை முதலிலிருந்து சரியாக முடித்தோம். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பிள்ளைகளோடும் ஒரு கடிதத்தோடும் நானே அந்தக் கல்லூரிக்குப் போனேன். தப்பு என்னுடையது, பிள்ளைகளுடையது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டு மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. ஒரு நாள் தள்ளிப் பார்த்திருந்தால் ஒருத்திக்கு ஒரு வருடம் போயிருக்கும். அதை நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நம்மூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரியை வைத்துச் சொன்னால் எளிது. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் பதிவு செய்து ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதில் ஒரு எண். அதற்குப் பிறகு ரத்தம் கொடுக்கும் இடம், எக்ஸ்ரே, மருந்து, பணம் கட்டும் இடம், எங்கே போனாலும் அவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்ப்பார்கள். ஒரு வலைத்தளத்தில் லாகின் செய்யும்போதும் அதுதான் நடக்கிறது. தளம் ஒரு சீட்டை பிரவுசரிடம் கொடுக்கிறது. குக்கீ என்று அதற்குப் பெயர், 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்பவர் கண்டுபிடித்தது. ஒவ்வொரு முறை நீங்கள் ஏதாவது அழுத்தும்போதும் பிரவுசர் அந்தச் சீட்டை நீட்டுகிறது, தளம் ‘சரி, இவர்தான்’ என்று எடுத்துக்கொள்கிறது. இப்போது முக்கியமான விஷயம். சீட்டு இருப்பது டேப்பிடம் இல்லை, பிரவுசரிடம். ஒரு தளத்துக்கு அந்த லாகின் சீட்டு ஒன்றுதான். எத்தனை டேப் திறந்தாலும் எல்லா டேப்பும் அதே பையிலிருந்து அதே சீட்டைத்தான் எடுத்து நீட்டும். இரண்டாவது டேப்பில் வேறு ஒருவர் பெயரில் நுழைந்தால் பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். முதல் டேப்பின் திரை அப்படியே நிற்கும், ஏனென்றால் அது முன்னால் வாங்கி வந்து காட்டிய பக்கம். அதில் பழைய பெயர் இருக்கும். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தும் நொடியில் நீட்டப்படுவது புதிய சீட்டு. சத்துவாச்சாரிப் பெண்ணின் சான்று அணைக்கட்டுப் பெண்ணின் எண்ணில் போய் உட்கார்ந்தது இப்படித்தான்.

எல்லாத் தளமும் இப்படி ஏமாறாது. சிலவற்றில் டேப்புக்கென்றே தனியாக ஒரு நினைவை வைத்துக்கொள்ளும் வழியில் எழுதியிருப்பார்கள், சில வங்கித் தளங்கள் இரண்டாவது டேப்பைத் திறந்தாலே வெளியே தள்ளிவிடும், அது தொந்தரவு என்று பலர் திட்டுவார்கள், நான் திட்டுவதில்லை. ஆனால் எந்தத் தளம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் எதையும் நம்பக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சம்பவம் இருக்கிறது. இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வடக்கு வங்காளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், அப்பாவுக்கு வைத்தியம். மகன் ஒரு நாள் மாலை தனியாக வந்து எங்கள் மெஷினில் மெயிலைத் திறந்து ஊரில் எடுத்த ஒரு பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிரிண்ட் எடுக்கவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது டேப்பை மூடினார், நானே பார்த்தேன். அப்பாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அந்த அப்பா தன் தம்பியோடு வந்தார், ரயிலைப் பற்றி ஏதோ ஒரு மெயில் பார்க்க வேண்டும் என்று அதே மேசையில் உட்கார்ந்தார்கள். தம்பி மெயில் தளத்தின் முகவரியை அடித்தார். கடவுச்சொல் கேட்கவில்லை. நேராக மகனின் பெட்டி திறந்தது. மேலேயே அந்த ரிப்போர்ட், பெயரோடு. பெரியவருக்கு இங்கிலீஷ் படிக்க வரும்.

அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை. பத்து ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பின்னாலேயே வாசல்வரை போனேன், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவருக்கு அந்த விஷயம் எப்போதாவது தெரிய வேண்டியதுதான். ஆனால் அதை யார், எங்கே, எந்த வார்த்தையில் சொல்வது என்பது அந்த மகனுடைய உரிமை. எங்கள் கடையின் மெஷின் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

டேப்பை மூடுவது லாகினிலிருந்து வெளியேறுவது ஆகாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும். டேப் போனாலும் சீட்டு பையிலேயே இருக்கிறது. பிரவுசரையே மூடினால் சில சீட்டுகள் போகும், ஆனால் ‘விட்ட இடத்திலிருந்து தொடரவும்’ என்ற அமைப்பு இருந்தால் அவையும் திரும்ப வந்துவிடும். போதாததற்கு, கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூடிய டேப் அப்படியே எழுந்து வரும். தனியாக ஒரே ஆள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அது எவ்வளவு பெரிய உதவி, கை தவறி மூடியதை எத்தனை முறை மீட்டிருக்கிறேன். பலர் வந்துபோகும் மேசையில் அதே வசதி கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

இப்போது எங்கள் கடையில் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன், இதே மாதிரி கடை வைத்திருப்பவர்களுக்கு உதவலாம். வாடிக்கையாளர் தானே உட்காரும் மேசைகளில் குரோமின் விருந்தினர் முறைதான். அந்த ஜன்னலை மூடினால் அதில் நடந்ததெல்லாம் துடைக்கப்படும், சீட்டு, வரலாறு எல்லாம். டவுன்லோட் செய்த ஃபைல் மட்டும் மெஷினில் தங்கும், அதைக் கையால் அழிக்க வேண்டும், அதைப் பலர் மறக்கிறார்கள். நாங்கள் செய்து கொடுக்கும் மேசையில் மூன்று புரொஃபைல், அதாவது ஒரே பிரவுசருக்குள் மூன்று தனி ஆட்கள் போல, வைத்திருக்கிறேன், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுத்து. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிப் பை. ஒருவருக்கு சிவப்பு என்றால், அவருடைய சான்று வரும்வரை சிவப்பு ஜன்னல் காத்திருக்கும், அடுத்தவருக்கு மஞ்சள். மூடினால் வரலாறு தங்காத இன்காக்னிட்டோ ஜன்னல் போதாதா என்று கேட்பார்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் இன்காக்னிட்டோவில் இரண்டு ஜன்னல் திறந்தால் இரண்டுக்கும் ஒரே பைதான், அது பலருக்குத் தெரியாது, அதை நம்பித்தான் பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி எனக்கு நடந்ததையே திரும்பச் செய்தார். ஃபயர்பாக்ஸில் கன்டெய்னர் என்று ஒரு நீட்சி இருக்கிறது, 2017இல் வந்தது. ஒரே ஜன்னலுக்குள் டேப்புக்கு டேப் தனிப் பை கொடுக்கும், டேப்பின்மேல் நிறக்கோடு தெரியும். நான் ஆசைப்பட்டது அதுதான், டேப் எப்படித் தெரிகிறதோ அப்படியே நடந்துகொள்வது. எல்லாப் பிரவுசரிலும் அது தானாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் சில அரசுத் தளங்கள் எங்கள் மெஷினில் குரோமில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன, அதனால் புரொஃபைலிலேயே நிற்கிறோம்.

நினைவகத்தை மிச்சப்படுத்த, பார்க்காத டேப்புகளைத் தூங்க வைக்கும் வசதி 2022 கடைசியில் குரோமுக்கு வந்தது, மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் அதற்கு முன்பே இருந்தது. பாதி நிரப்பிய படிவத்தை அது தூங்க வைக்காது என்கிறார்கள், எங்கள் அனுபவத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் டேப் விழித்திருந்தாலும் அந்தப் பக்கம் தளத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டால் வெளியே போடா என்றுவிடும். டேப் திறந்திருப்பதால் வேலை உயிரோடு இருக்கிறது என்று நினைப்பது இன்னொரு ஏமாற்றம்.

டேப்பை எல்லோருக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டால் எவ்வளவு குழப்பமோ, ஒரே குடும்பத்துக்கு உள்ளே அது அவ்வளவு நல்லது. போன மாதம் ஆற்காடு பக்கத்திலிருந்து ஒரு தாத்தா பேத்தியோடு நிலப் பேப்பர்களைக் கொண்டுவந்தார். அவர் அப்பா வாங்கிய பத்திரத்தில் வடஆற்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் பிரிந்த பிறகு எழுதியதில் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தொண்ணூறுகளின் பின்பாதியில் எடுத்ததில் வேலூர். பேத்தியின் சான்றில் ராணிப்பேட்டை, 2019இல் பிரிந்தது. நிலம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பேத்தி குழம்பிப்போய், தாத்தா, நம்மது எந்த ஊர்தான் என்று கேட்டாள். நான் பச்சை ஜன்னலில் வில்லங்கத்தை ஒரு டேப்பிலும் பட்டாவை ஒரு டேப்பிலும் ஸ்கேன் செய்த பழைய பத்திரத்தை ஒரு டேப்பிலும் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணை அழுத்தி மாறி மாறிக் காட்டினேன். சர்வே எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் தாத்தா முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம். ‘இதான் பாப்பா, இதான்’ என்று திரையைத் தொட்டுக் காட்டினார். பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போது கிடைக்காத தெளிவு, ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றிக் காட்டும்போது கிடைக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் மாற்றிய குரோமில் டேப்பை ‘தாவல்’ என்கிறார்கள், ஃபயர்பாக்ஸில் ‘கீற்று’. எனக்குக் கீற்றுதான் பிடித்திருக்கிறது. தென்னங்கீற்று தனித்தனியாகத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே மட்டையில் பிறந்தவை, உண்மையில் டேப்பும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கடையில் யாரும் இரண்டையும் சொல்வதில்லை. ‘இன்னொரு பக்கம் தொற’ என்பார்கள். டேப் என்றால் எங்கள் தெருவில் மாத்திரை, டாக்டர் சீட்டில் மருந்துப் பெயருக்கு முன்னால் எழுதியிருப்பது அதுதான்.

குடியாத்தத்தில் இருக்கும் பெரியம்மா ஃபோனைப் போன பொங்கலுக்குப் பார்த்தேன். குரோமில் டேப் எண்ணிக்கை வரும் சின்னக் கட்டத்தில் எண்ணே இல்லை, ஒரு சிரிப்புக் குறி இருந்தது. நூறைத் தாண்டினால் அப்படித்தான் காட்டும். ஃபோனில் டேப் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுவார், பழையது உள்ளே கிடக்கும். மூடிவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அதில் பெரியப்பா இருந்தபோது அவருக்காகத் தேடியதெல்லாம் இருக்கிறதாம், சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம், கால் வீக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று. திறந்து பார்ப்பதில்லை, ஆனால் இருக்கட்டும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அது ஒருவருடைய ஃபோன், ஒருவருடைய பை. அங்கே என் விதிக்கு வேலையில்லை.

கடையில் இரவு ஒன்பதுக்கு ஷட்டர் இறக்கும் முன் மூன்று நிறத்தையும் ஒருமுறை பார்ப்பேன். நேற்று மஞ்சள் ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. கணியம்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மாவின் விண்ணப்பம், ஓடிபி போகும் ஃபோன் துபாயில் இருக்கும் மகனிடம், அவர் வேலை முடிந்து எடுப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். வேலைக்கு இருக்கும் பெண் அந்த ஜன்னலை மூட மனமில்லாமல் நின்றாள், இவ்வளவு நேரம் அடித்ததாயிற்றே என்று. முதலில் வரைவாகச் சேமிக்கச் சொன்னேன். அப்புறம் நீல நோட்டை எடுத்து விண்ணப்ப எண், எந்தப் பக்கத்தில் நிற்கிறது, என்ன பாக்கி, அந்த அம்மாவின் ஊர், காலையில் எத்தனை மணிக்கு வருகிறேன் என்றார், எல்லாவற்றையும் அவள் கையெழுத்திலேயே எழுதச் சொன்னேன். எழுதி முடித்து எனக்கு ஒருமுறை படித்துக் காட்டினாள். பிறகு வெளியேறு பொத்தானை அழுத்தி, ஜன்னலை மூடினாள்.